கரடி கழற்றிய சப்பாத்து

அந்தக் கரடிக்கு ஒரு பெயர் இருந்தது. சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருந்தது யார் என்பதையும் சொல்லக்கூடாது என்றுதான் அந்தக் கையெழுத்து. பெயர் விஷயத்தில் கட்டுப்படுகிறேன், அது குழந்தைகளுக்குப் பிடித்த பெயர். மற்றதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்து எனக்கு என்ன கிடைத்தது?

மொன்றியலில் எல்லாரும் கும்பிடுகிற பெரிய ஐஸ் ஹொக்கி அணி ஒன்று இருக்கிறது. இது அதுவல்ல. நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய அரங்கில் சம்பளத்துக்கு விளையாடிய சின்ன அணி. பெரிய இடத்தில் எடுபடாதவர்களும், எடுபட்டுத் திரும்பி வந்தவர்களும் அதில் விளையாடினார்கள். ஹொக்கி அணி என்றால் அதற்கொரு மிருகம் வேண்டும். மயிர் உடுப்பும் அண்டா போன்ற தலையும் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் படிகளில் ஏறி இறங்கி, சனத்தைச் சிரிக்கவைத்து, பிள்ளைகளோடு படம் எடுக்க வேண்டும். எங்கள் அணிக்குக் கரடி. இரண்டு குளிர்காலம் அந்தக் கரடி நான்தான்.

நான் போனது தையலுக்கு. அதற்கு முதல் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் இருந்தேன். முதலாளி தையல் வேலை எல்லாவற்றையும் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு பெட்டி சொக்கலேட் தந்து கதவைச் சாத்தினார். அரங்கில் ஆட்டக்காரர்களின் உடுப்புத் தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக் கிழிப்பார்கள், நான் தைப்பேன், திரும்பக் கிழிப்பார்கள். கரடியின் உடுப்பும் என் பொறுப்புத்தான். அதற்குள் இருந்த கல்லூரிப் பையன் ஒருநாள் படியில் இடறிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். ஆட்டத்துக்குச் சனம் வந்துகொண்டிருக்கிறது, கரடி இல்லை. விளம்பரப் பகுதி மனேஜர் ஒரு பெண், எப்போதும் ஓட்டமும் நடையுமாகத் திரிகிறவர். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உடுப்பு உனக்கு அளவாயிருக்கும்," என்றார் பிரெஞ்சில்.

"எனக்கு ஹொக்கி தெரியாது," என்றேன்.

"கரடிக்கும் தெரியாது," என்றார்.

தலையை மாட்டும்போதே சட்டங்களைச் சொல்லித் தந்தார். கரடி கதைக்காது. சனம் பார்க்கிற இடத்தில் கரடி தலையைக் கழற்றாது. உள்ளே மனித உடம்பு இருக்கிறதென்று ஒரு துண்டுத் தோல்கூட வெளியே தெரியக்கூடாது. கரடி ஆண். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினேன், அந்தப் பெரிய தலை என் தோளில் இடித்தது.

உள்ளே இருக்கிற சூட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெளியே மூக்கு உதிர்ந்துவிடுகிற குளிர், நான் உள்ளே குளித்துக்கொண்டு நிற்பேன். முதலில் இருந்தவனின் வியர்வை மணம் வேறு. கரடியின் வாய்க்குள் ஒரு கறுப்பு வலை இருந்தது, அதற்குள்ளால்தான் உலகம் தெரியும். நேரே பார்க்கலாம், கீழே ஒன்றும் தெரியாது. என் கால் எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதற்காகப் பாதுகாப்பு வேலை செய்த ஹெயிட்டிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிவார். படி வரும்போது விரலை அமத்துவார்.

முதல்நாள் நான் சும்மா கை காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு நடந்ததற்கு நான் திட்டம் போடவில்லை. அன்று மத்தியானம் முழுக்க நான் ஒரு ஆட்டக்காரனின் மேலங்கியைக் குந்தியிருந்து தைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அதே இடத்தில் பிடித்து அதே தையலைப் பறித்தான். நடுவர் எங்கள் ஆளைத்தான் வெளியே அனுப்பினார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையை நடுவரின் பக்கம் அலட்சியமாக வீசி எறிந்தேன். சீ, போ, நீயும் ஒரு ஆளோ என்று. திருகோணமலைச் சந்தையில் மீன்காரி, விலையைக் குறைத்துக் கேட்டவனை அனுப்புகிற வீச்சு அது. என் அம்மாவும் அப்படித்தான் வீசுவா. நானும் அப்படித்தான்.

அந்தப் பகுதிச் சனம் முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டு அவர்களும் வீசினார்கள். அடுத்த பகுதியும் வீசியது. நடுவர் திரும்பிப் பார்த்தார், நான் திரும்பவும் வீசினேன்.

அன்றைக்குத்தான் அந்தக் கரடிக்கு ஒரு குணம் வந்தது. அதற்கு முதல் அது துள்ளுகிற பஞ்சு மூட்டை. என்னுடைய கரடி கோபக்காரன். கோல் வாங்கினால் செத்தவீட்டில் போல நெற்றியில் கையை வைத்துப் படியில் குந்திவிடும். நேரம் கடத்துகிறவனைப் பார்த்தால் நாடியில் கைவைத்துத் தலையை ஆட்டும். எங்களுடைய ஆள் கோல் போட்டுவிட்டு வந்தால் ஐஸைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் அவனைச் சுற்றி வழித்து, தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்கும். மயிர்க் கையில் நெட்டி எப்படி முறியும்? மேலே மேளம் அடிக்கிற ஒரு கிழவர் அந்த நேரம் பார்த்து மேளத்தில் ஒரு சின்னத் தட்டுத் தட்டுவார். சனம் அதற்காகவே காத்திருக்கும். கியூபெக் பிள்ளைகள் தாய்மாரின் முகத்தை வழித்து நெட்டி முறித்ததை என் கண்ணால் கண்டேன், அதாவது கரடியின் வாயால்.

அந்தக் குளிர்காலம் பெரிய லீக்கில் முதலாளிமாருக்கும் ஆட்டக்காரருக்கும் சண்டை, ஒரு சீசன் முழுக்க ஆட்டமே இல்லை. ஹொக்கி இல்லாமல் இந்த ஊர்ச் சனத்துக்குக் கை நடுங்கும். எங்கள் பழைய அரங்குக்குத் திரண்டு வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கரடியைப் பற்றிக் கேட்டபோது, "எங்கள் கரடி கோபக்காரன், ஆனால் யாருக்கும் கெடுதி நினைக்காதவன்," என்று மனேஜர் சொன்னார். நான் பக்கத்தில் தலையோடு நின்றேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டில் மனுசனுக்கு மட்டும் தெரியும். அவர் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு யோசித்தார்.

"இஞ்சாரும், ஆரும் கேட்டா தையல் எண்டே சொல்லும். மனிசி கரடி எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?"

"அணில் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குக் கரடி என்றால் உயிர், கட்டிலுக்கு மேலே கரடியின் படம் ஒட்டி வைத்திருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடும் என்பதால் அவளுக்கும் சொல்லவில்லை. இரவில் நான் களைத்து விழுந்து வர, படுக்கையில் கிடந்து கரடி என்ன செய்தது என்று கேட்பாள். கண்டேன், நல்லாயிருந்தது என்பேன்.

வசந்தத்தில் மனேஜர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, கரடியை நிரந்தர வேலை ஆக்கப்போகிறோம் என்றார். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், வெளியூர் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் போக வேண்டும்.

"அது உனக்குத்தான். ஒரேயொரு குறை. ஐஸில் கரடி நடக்கிறது. ஹொக்கிக் கரடி ஸ்கேட் பண்ண வேண்டும். வருகிற சீசன் முடிவதற்குள் பழகிவிடு."

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் என்றால் அது பொய். வெளியே நான் வாய் திறந்தால் முன்னால் நிற்கிறவர் முகத்தைச் சுளித்து, என்ன சொன்னாய் என்பார். எந்த நாடு என்பார். எப்போது திரும்பிப் போவாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. அந்த உடுப்புக்குள் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. நான் கோபப்பட்டால் ஒரு அரங்கு சனம் என்னோடு சேர்ந்து கோபப்பட்டது. எந்த மனிசிக்கு இது கிடைக்கும்?

டிசம்பரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூங்காவில் நகரசபை ஐஸ் போட்டது. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இரண்டு தரம் விழுந்தாள், மூன்றாம் தரம் போய்விட்டாள். எனக்கு முப்பத்தைந்து வயது, இடுப்பு சொல்வழி கேட்காது. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், விட்டால் தொப்பென்று இருப்பேன். சின்னப் பிள்ளைகள் கதிரையைத் தள்ளிக்கொண்டு பழகுவார்கள், நானும் ஒரு கதிரையைத் தள்ளினேன். கதிரை போய்விட்டது, நான் போகவில்லை.

"முழங்காலை மடியுங்கோ மமான்!" என்று மகள் கத்துவாள். மமான் என்றால் அம்மா, பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. விழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "அம்மா திரும்ப விழுந்திட்டா!" என்று பிரெஞ்சில் பூங்கா முழுக்கச் சொல்லுவாள்.

பள்ளி தொடங்கியது. அவளை விட்டுவிட்டு நான் தனியே போனேன். காலையில் பூங்காவில் ஒரு ஈ காக்காய் இருக்காது. விழுந்தேன், எழும்பினேன், ஸ்கேட்டைத் திட்டினேன், ஸ்கேட்டைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையைத் திட்டினேன். ஒருநாள் கால் தன்பாட்டில் போனது. வேலியைத் தொடாமல் ஒரு முழுச் சுற்று. பிறகு இன்னொன்று. ஐஸுக்குத் தண்ணீர் அடிக்க வந்த நகரசபை ஆள் ஒருவர் குழாயோடு நின்று பார்த்துவிட்டுப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் கையை வீசி, போங்கோ என்று காட்டினேன். அவர் சிரித்தார். நான் ஸ்கேட் பண்ணியதை இந்த உலகத்தில் கண்ட ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த கிழமை பொங்கல் விழா. கோட்-டெ-நெய்ஜில் ஒரு மண்டபத்தில் எங்களுடைய சனத்தின் விழா. அணிக்குப் புதுச் சனம் பிடிக்க வேண்டும் என்று மனேஜருக்கு ஒரு எண்ணம். கரடியை அனுப்புகிறோம் என்று விழாக்காரருக்குச் சொல்லிவிட்டார். எனக்கோ அங்கே போகப் பயம். தெரிந்த முகங்கள், பலசரக்குக் கடையில் தினமும் காண்கிற பெண்கள். மகளுக்குக் காய்ச்சல், மனுசன் வீட்டில் அவளோடு நின்றுவிட்டார். அதுவாவது நல்லது என்று நினைத்தேன்.

ஹெயிட்டிக்காரர் என்னை வாசலில் இறக்கிவிட்டு வான் வண்டியை நிறுத்தப் போனார். பனி குவிந்து கிடந்ததால் இடம் தேடி எங்கேயோ போய்விட்டார். விழாக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். பொங்கல் மணம், கற்பூர மணம். பிள்ளைகள் கரடி, கரடி என்று கத்திக்கொண்டு காலைக் கட்டிப் பிடித்தார்கள். பின்னால் ஒரு பெண்ணின் குரல்: "உள்ளுக்குள்ள நிக்கிறவன் பாவம், என்ன வெக்கையா இருக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது. மேடையடிக்கு வந்தோம். நேரே பார்த்தால் சாமி படம், எரிகிற குத்துவிளக்கு, முன்னால் பெரிய கோலம். "மேலே ஏறுங்கோ," என்றார் கையைப் பிடித்தவர்.

நான் ஏறினேன்.

நான் யோசித்துச் செய்ததல்ல. கேட்டால் எப்படிக் கண்ணை இமைத்தாய் என்று கேட்பது மாதிரித்தான். விளக்கு எரிகிற இடத்துக்குச் சப்பாத்தோடு ஏறுகிற காலில்லை எனக்கு. வலது குதியால் இடதைத் தள்ளி, இடதால் வலதைத் தள்ளி, கழற்றி, காலாலேயே இரண்டையும் சோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு ஏறினேன். கழற்றியது கரடியின் பாதத்தை. அது பெரிய பஞ்சுச் சப்பாத்து, நகமெல்லாம் வைத்துத் தைத்தது. உள்ளே சூடு தாங்காமல் நான் காலுறை போடுவதை எப்போதோ விட்டிருந்தேன்.

உள்ளங்காலில் கோலமாவு பட்டதும் சில்லிட்டது. பிறகு கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை நான் அரங்கில்கூடக் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு மனிசி, "பாரன், மிருகத்துக்கு இருக்கிற மரியாதையை!" என்றா. எனக்குக் கீழே தெரியாதே. விளக்கைக் கும்பிட்டதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு தரம் கும்பிட்டேன்.

அணியின் படப்பிடிப்பாளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

மெட்ரோ வாசலில் சும்மா கொடுக்கிற பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. கோலத்துக்கு மேலே கரடி நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே மயிர், மயிருக்குக் கீழே இரண்டு கறுத்த பெண் கால்கள், இரண்டாம் விரல்களில் வெள்ளி மெட்டி. கரடிக்குக் கலியாணமாம் என்று கீழே பகிடி எழுதியிருந்தார்கள். மனுசன் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"இது உம்மட கால் எல்லோ?"

"பின்ன ஆற்ர காலாம்?"

"சனமெல்லாம் ஆர் ஆர் எண்டு தேடுது. விருந்துக்குப் போற வீடுகளில எல்லாரும் எல்லாற்ர காலையும் பாக்கினம். அந்த மெட்டியைக் கழட்டி வையும்."

எனக்கு எங்கேயிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. கதிரையில் இருந்துகொண்டு காலை அவருக்கு முன்னால் நீட்டினேன். "போட்டுவிட்டது நீங்கள்தானே. நீங்களே கழட்டுங்கோ!" அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணி போடப் போய்விட்டார். அந்த மனுசனை நான் குறை சொல்ல மாட்டேன், தேத்தண்ணியை எனக்கும் சேர்த்துத்தான் போட்டார்.

மனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், சரிக்குச் சரி போயிருக்கும். அவர் சிரித்தார்.

"வேடிக்கையான படம். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பார், குழந்தைகள் கரடியைக் கரடியாக நம்ப வேண்டும். நிரந்தர வேலைக்கு மேலிடம் வேறு ஆள் பார்க்கிறது."

"நான் ஸ்கேட் பழகிவிட்டேன். வந்து பாருங்கள். இப்போதே ஐஸில் காட்டுகிறேன்."

"அது இனித் தேவையில்லை."

"முதல் இருந்த பையனின் வெள்ளைக் கை ஒருதரம் தெரிந்ததே. கையுறை கழன்று விழுந்ததே. நான்தான் தைத்தேன். அதைப் பத்திரிகையிலும் போட்டார்கள். அவனை நீங்கள் அனுப்பவில்லையே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது வேறு விஷயம் என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்று எழும்பிப் போனார். கதவுவரை போய்த் திரும்பி வந்து, தையல் வேலை உனக்கு எப்போதும் இருக்கும், பயப்படாதே என்றார். நான் பயந்துதான் குரல் உயர்த்தினேன் என்று நினைத்திருக்கிறார். நாசமாய்ப் போக!

புதியவன் சர்க்கஸ் படித்தவன். பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பான், ஐஸில் ஒற்றைக் காலில் சுற்றுவான். கரடியின் பழக்கங்களை அவனுக்குக் காட்டிக் கொடு என்று என்னிடமே அனுப்பினார்கள். தையல் வேலையையும் விட்டால் எங்கே போவது? காட்டிக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பிள்ளை. எனக்குக் கோப்பி வாங்கிக்கொண்டு வருவான், மடாம் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கெட்டவனாய் இருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம்.

"இந்தக் கை வீச்சு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான்.

"கோபத்திலிருந்து," என்றேன்.

அவன் வீசினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் இல்லாமல் வீசினால் அது ஈ கலைக்கிறது. பத்துத் தரம் செய்து காட்டினேன். கடைசியில் களைத்து, உண்மையாகவே அவனைப் பார்த்து வீசிவிட்டேன். "அதுதான்! அதேதான்!" என்று துள்ளினான். அதன் பிறகு அவனுக்குச் சரியாக வந்துவிட்டது.

கோடை முடியும்போது மனேஜர் ஒரு வேலை கொண்டுவந்தார். கரடியின் சப்பாத்துக்குள்ளே போடுகிறதுக்கு இன்னொரு சோடி மயிர்ப்பாதம் வேண்டும், ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இனிச் சப்பாத்துக் கழன்றாலும் தோல் தெரியாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். நினைத்து நினைத்து, ஊசியை ஏற்றும்போதெல்லாம் மனம் கொதிக்கத் தைத்தேன். ஆனாலும் நல்லாய்த்தான் தைத்தேன். கெட்டவேலை செய்ய எனக்குத் தெரியாது, அது எனக்கொரு வியாதி.

சீசனின் முதல் ஆட்டத்துக்கு வேலைக்காரர் எல்லாருக்கும் டிக்கட் தந்தார்கள். மகள் அதுவரை கரடியை அரங்கில் பார்த்ததில்லை, நான் கரடியாக இருந்தால் அவளை யார் கூட்டிக்கொண்டு வருவது? அந்த முறை கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் போக விருப்பமில்லை. அவள் சட்டையைக்கூட இரண்டு நாளுக்கு முதலே எடுத்து வைத்துவிட்டாள்.

விளக்கெல்லாம் அணைந்தது. ஒரு வெளிச்ச வட்டத்துக்குள் கரடி ஐஸில் சுற்றி வந்தது. சனம் எழும்பிக் கத்தியது. ஐஸுக்கு நடுவில் சிவப்புக் கம்பளம் ஒன்று விரித்திருந்தது, தேசிய கீதம் பாடுகிறவர் நிற்பதற்கு. கரடி விளிம்பில் இருந்த வாங்கில் குந்தி, ஸ்கேட்டை மாற்றிப் பெரிய சப்பாத்தை மாட்டிக்கொண்டு கம்பளத்தடிக்கு வந்தது. நின்றது. வலது குதியால் இடதைத் தள்ளியது. இடதால் வலதைத் தள்ளியது. காலாலேயே இரண்டையும் சோடியாக ஒதுக்கி வைத்தது. பிறகு நான் தைத்த பாதங்களோடு கம்பளத்தில் ஏறி, கையெடுத்துக் கும்பிட்டது.

அரங்கு இடிந்து விழும்போல இருந்தது. பெரிய திரையில் அந்தப் பாதங்களைக் கிட்டவாகக் காட்டினார்கள். இரண்டாம் விரல்களில் ஏதோ பளபளத்தது. வெள்ளி நிற ஒட்டுநாடாவைச் சுருட்டி மெட்டி போட்டிருந்தார்கள்.

எந்தக் காலுக்காக என்னை வெளியே விட்டார்களோ, அந்தக் கால்தான் திரையில் நின்றது. கால் பிழையில்லை. காலில் இருந்த தோல்தான் பிழை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு டிக்கட் தந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மமான், கரடியும் எங்களைப் போல சப்பாத்துக் கழட்டுது!" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மனேஜர் கண்டுவிட்டார். ஓடிவந்து மகளின் கன்னத்தைத் தொட்டார், என் தோளில் கை வைத்தார்.

"பார்த்தாயா? எவ்வளவு நல்லாய் வந்தது! அந்த வளையங்கள் மட்டும் கழன்று விழுகின்றன. சனிக்கிழமைக்கு முதல் நீ ஒழுங்காகச் செய்து தைத்துத் தருகிறாயா? எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத்தானே தெரியும்."

எனக்கு வாயில் பிரெஞ்சு வரவில்லை. ஆங்கிலமும் வரவில்லை. ஒரு கை இடுப்புக்குப் போனது, மற்றக் கை தன்பாட்டில் எழும்பி அவருடைய முகத்துக்கு நேரே வீசியது. "சீ, போ! நீயும் ஒரு மனிசியோ!" என்றேன் தமிழில்.

மகள் கைகொட்டிச் சிரித்தாள். "அம்மா கரடியைப் பாத்துப் பழகிட்டா!" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

மனேஜரும் சிரித்தார். "எல்லா அம்மாமாரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், கண்ணா," என்று அவளுக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, சனிக்கிழமை, மறக்காதே என்றார். அந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, அதன் பிறகு வந்த எந்த நாளும் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள். மெட்டி என்ன, யாரும் தைக்கலாம்.

மெட்ரோவில் மகள் என் பக்கத்தில் இருந்துகொண்டு, எதிரில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை வீசி வீசிக் காட்டினாள். அம்மாவின் வீச்சு. என் வீச்சு. அந்தப் புதுப் பெடியன் வழியாகச் சுற்றி அவளிடம் வந்திருக்கிறது. எதிரில் ஒரு ஆள் சிரித்து, "ஆ, கரடி!" என்றார். கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தேன்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ. அந்தக் கரடி அம்மாதான். போன சீசன் வரைக்கும் உள்ளுக்குள்ள நிண்டது நான்தான்."

அவள் வீசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பகிடி விடுகிறேனோ என்று கொஞ்ச நேரம் முகத்தைத் தேடினாள். பகிடி இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு என்னில் இரக்கம் வந்துவிட்டது.

"இல்லை மமான்," என்றாள். "கரடிக்கு ஸ்கேட் பண்ணத் தெரியும். நீங்கள் விழுந்துகொண்டெல்லோ இருந்தனீங்கள்."

சொல்லிவிட்டு, நான் கவலைப்படக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.